அரிசிக்காகக் கூடிய இரண்டு வயது

கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட ஆண்டில் எனக்கு மூன்று வயதுகள் இருந்தன. உண்மையான வயது பதினாறு. அம்மா உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்த வயது பதினான்கு. பெண் கேட்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்ப அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அடையாள அட்டையில் இருந்த வயது பதினெட்டு. அது அப்பாவின் கைங்கரியம். இந்த மூன்றாவது வயதுதான் என் தலையில் கல்லைப் போடப் பார்த்தது.

மலாயாவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். நான் பஸ் ஏறி டவுனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய் வந்தேன். மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடித்தவர்களை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எடுக்கிறார்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே மாதாமாதம் பணமும் கொடுப்பார்கள். வேறு எந்தக் கல்லூரியைப் பற்றியும் நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வீட்டை விற்றுப் படிக்க வைக்கலாம் என்றால், நாங்கள் இருந்த லயத்து வீடே தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே இந்தக் கல்லூரி கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே நானும் வாளியும் கத்தியுமாக மரத்தடியில் நிற்க வேண்டியதுதான்.

எனக்கு உதவுகிறேன் என்று இரண்டு பேரும் இறங்கினார்கள். அந்த உதவியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா வளர்த்த ஆடுகளில் இரண்டை விற்று, தகரப் பெட்டியும் வெள்ளைத் துணியும் வாங்கிவிட்டாள். விண்ணப்பமே இன்னும் எழுதவில்லை. எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று தண்ணிக்குழாயடியில் சொல்லியும் விட்டாள். அப்பா நேர்முகத் தேர்வுக்குப் பழக்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே நேர்முகம் காலைப் பெரட்டு. விடியும் முன் வரிசையில் நிற்க வைத்து, வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அதனால் என்னை வாசலில் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அதட்டுவார்.

"கைய ஆட்டாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சத்தமா!"

"அப்பா, அங்க இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க."

"ஒனக்குத் தெரியுமா லா? தொரன்னா தொரதான். எங்க இருந்தாலும் இப்படித்தான் கேப்பான்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

விண்ணப்பத்தோடு அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் தலைமையாசிரியை புருவத்தைச் சுருக்கினார். சேருகிற நாளில் பதினெட்டு முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. பள்ளிப் பதிவேட்டில் சரியான வயது இருந்தது, ஆனால் அரசாங்கம் நம்புவது அட்டையைத்தான். "மூன்று வாரத்துக்குள் மாவட்ட அலுவலகத்தில் இதைத் திருத்திக் கடிதம் வாங்கி வா, இல்லையென்றால் அனுப்பிப் பயனில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பா கால் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அரிசி அட்டைக்குத்தான் புள்ள. பன்னெண்டு வயசுன்னா பெரியாள் கணக்கு."

அவசரகாலம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் எனக்கும் நினைவிருக்கின்றன. காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். வேலி வாசலில் அம்மாவின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களை விட அளவு குறைவு. பன்னிரண்டு ஆனவர்களுக்கு அடையாள அட்டை என்று பதிய வந்தபோது, பத்து வயதில் இருந்த என்னை அப்பா வரிசையில் நிறுத்தி, பன்னிரண்டு என்று சத்தியம் செய்திருக்கிறார். நான் பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில். பிறப்பைப் பதிய ஆளும் இல்லை, காகிதமும் இல்லை. அவர் சொன்னதுதான் வயது.

"ரெண்டு கைப்பிடி அரிசிக்கு என் படிப்ப வித்துட்டீங்களே!" என்று கத்தினேன். அப்பா எழுந்து கத்தி தீட்டப் போய்விட்டார். ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வாரம் அவர் செய்த காரியங்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. முதலில் கிராணியிடம் போனார். தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் அவர்தான் அன்று எங்கள் விவரங்களைப் பதிந்தவர்.

"நீ அடிச்ச சத்தியத்த நம்பி நான் எழுதினேன். இப்ப பொய்ன்னு போய்ச் சொன்னேன்னு வையி, கூடுதலா வாங்குன அரிசி யாருக்குப் போச்சுன்னு கேப்பான். காட்டுக்குப் போச்சுன்னு நெனச்சா ஒன்ன லோக்காப்புல வைப்பான். என்னையும் சேத்து வைப்பான். பேசாம போயிடு" என்றாராம். அரிசிச் சோதனை நின்று வெகுநாளாகியிருந்தது, ஆனால் சட்டம் அப்படியே இருந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

பிறகு அப்பாவுக்கு ஜாதகம் நினைவுக்கு வந்தது. கோயில் பண்டாரம் எழுதிய நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தனியாக மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். அதில் சித்திரபானு ஆண்டு ஆவணி மாதம் என்றுதான் இருந்தது. எந்த ஆங்கில வருடம் என்று எழுதியிருக்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

நான் சும்மா இருக்கவில்லை. சாப்பிடும்போதும் திட்டினேன், தண்ணி தூக்கும்போதும் திட்டினேன். படிக்காதவர்கள் பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்றுகூடச் சொன்னேன். அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. அவ சொல்லட்டும்" என்றார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, வேலைக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "கெளம்பு. உள்ளதச் சொல்லிடுவோம்" என்றார். அம்மா ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் மடித்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே வைத்துவிடுவார்கள் என்றே நினைத்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கல்லூரி வேண்டும்.

அலுவலகத்தில் மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதிகாரி ஒரு மலாய்க்காரர், நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர். அப்பா தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், எல்லாவற்றையும் சொன்னார். பெரட்டில் நிற்பதுபோலவே கையை ஆட்டாமல் நின்று சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் இரண்டு வருடம் கூடுதலாக வாங்கிய அரிசி எங்கே போனது? வேலிக்கு வெளியேயா?"

"டியா மக்கான், துவான்" என்று அப்பா என்னைக் காட்டினார். இவள்தான் தின்றாள், துரை, என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. பத்து வயதில் இவளுக்குப் பசி அடங்கவே அடங்காது, தட்டை வழித்துவிட்டு அழுவாள், நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சோற்றில் எடுத்துப் போட்டோம், போட்டுப் போட்டு இவள் அம்மா ஒருநாள் மரத்தடியில் மயங்கி விழுந்துவிட்டாள், அதற்குப் பிறகுதான் நான் பொய் சொன்னேன், துவான், என்றார். பெரிய வயிறு இவளுக்கு என்று கையால் வேறு காட்டினார்.

அதிகாரி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நான் அப்பாவை விட அரைத் தலை உயரம், தோளும் கையும் நல்ல வாட்டசாட்டம். எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அந்த இரண்டு கைப்பிடி அரிசியை நானேதான் தின்றிருக்கிறேன். அதற்காகத்தான் இரண்டு வாரமாக அவரைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

அதிகாரி ஒரு தாளை இழுத்து எழுதி, அப்பாவிடம் பெருவிரல் ரேகை வாங்கி, முத்திரை குத்தினார். வயது திருத்தப்பட்டது. பொய்ச் சத்தியம் செய்ததற்காக அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் போலீஸ் நிலையத்தில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று இன்னொரு தாளில் எழுதினார். அப்பா இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்.

"இத மொதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பாதி வயித்தோட எந்திரிச்சிருவ. ஒனக்கு அந்தக் கிறுக்கு உண்டு" என்றார். பிறகு, பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று சாலையை எட்டிப் பார்த்தார்.

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் ஆண்டு முழுவதும் அப்பா சனிக்கிழமைகளில் பாதிச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போலீஸ் நிலையத்தில் போய் நின்றார். விடுமுறைக்கு வந்தபோது ஒருமுறை நானும் கூடப் போனேன். வெயிலில் வரிசையில் நின்றுகொண்டு, கல்லூரியில் சோறு வயிறு நிறையப் போடுகிறார்களா என்று கேட்டார்.

பெரிய மனது பண்ணி நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் கோபம் வேறு. நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிய அந்த இரண்டு வாரமும், ஒரே ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம் அந்த மனுஷன். அடைக்காமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டாரே, அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.