வெறும் நாற்காலிகளைச் சாட்சியாக்கியவர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் கடைக்காரர் சொன்னார்: "சிவலிங்கம் அண்ணை விடியக்காலமை போயிட்டாராம்." துக்கம் கேட்கப் போக அவருக்கு இங்கே குடும்பம் இல்லை. வீட்டுக்கு வந்து சொல்ல எனக்கும் ஒருவரும் இல்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் தெருக்களை இரண்டு தேர்தல் வார்டுகளாகப் பிரிக்கும் புதிய வரைபடம் வந்தபோது முதலில் எதிர்த்தவர் அவர். தமிழரும் வங்காளிகளும் கரீபியரும் நெருங்கி வாழ்ந்த இடத்தில் பார்த்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. "சேர்ந்திருந்தால் எங்களுக்கெண்டு ஒரு ஆளை அனுப்ப ஏலும். வெட்டினால் ரெண்டு பக்கமும் நாங்கள் கறிவேப்பிலைதான்" என்பார்.

பொது விசாரணைக்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். "ஓம் அண்ணை, வாறம்" என்றார்கள் எல்லோரும். அன்று மண்டபத்தில் எங்கள் பக்கத்தில் அவரும், இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்த நானும் மட்டுமே. மற்றதெல்லாம் வெறும் நாற்காலி. கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் தாயார் அன்று காலையில் இறந்துவிட்டார் என்று அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணத்தைத் தவறவிட்டாலும் செத்த வீட்டைத் தவறவிடுகிறவர்களா எம்மவர்?

விசாரணை அதிகாரி நாற்காலிகளைப் பார்த்து, "உங்கள் சமூகம் எங்கே?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அண்ணை எழுந்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் இறந்துவிட்டார். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். நாங்கள் இரண்டு சமூகம் என்றால் ஏன் போனார்கள்?" அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

ஆனாலும் வரைபடம் மாறவில்லை. நிறம் பார்த்துக் கீறினார்கள் என்று நிரூபிக்க முடியாது, நீதிமன்றம் போயும் பயனில்லை என்று சட்டத்தரணி கைவிரித்தார். எனக்கோ வராதவர்கள்மேல் ஆத்திரம். "செத்த வீட்டுக்குப் போன சனத்தை எப்பிடி ஏசிறது?" என்று அண்ணை என்னை அடக்கினார்.

கோடு எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே விழுந்தது. தேர்தல் நாட்களில் அவர் என்னோடு என் வாக்களிப்பு நிலையம்வரை நடந்து வந்து வெளியே குளிரில் நிற்பார். பிறகு நான் அவரோடு அவருடைய நிலையத்துக்குப் போய் வாசலில் நிற்பேன். "தனியப் போனால் அவங்கள் பிரிச்சது சரியாப் போயிடும்" என்பார்.

அந்த நடைதான் இனி என்னிடம் இருக்கும். அடுத்த தேர்தலில் என் வாக்கைப் போட்டுவிட்டு அவருடைய நிலையத்துக்கும் நடப்பேன். உள்ளேயிருந்து அவர் வரப்போவதில்லை என்று தெரிந்தும் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன்.