தாய்மாமன் மடி

என் கூடப்பிறந்த அண்ணனை, என் மகளின் காதுகுத்துக்கு வரவிடாமல் பொய் சொல்லித் தடுத்தேன். வேறு யாரும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்!

ஐந்து வருடமாகிறது. என் புருஷனுக்குக்கூடத் தெரியாது. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். எட்டாவதோடு நின்றவள், கோர்வையாக எழுத வராது. படிக்கப் படிக்க அருவருப்பு வந்தால் பாதியில் வைத்துவிடுங்கள். எனக்கே என்மேல் அப்படித்தான் வருகிறது...

அண்ணன் பெயர் ஏழுமலை. கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. கரும்பு வெட்டப் போய் அவன்தான் என்னை வளர்த்தான், மணலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்ட அன்று எனக்கு அழுகை வரவில்லை. என் புத்தகப் பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு அவன்தான் அழுதான். பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அந்த ஒரே ஆள்!

அவனுக்கு டிபி வந்தது. ஆறு மாதம், ஒருநாள் விடாமல் மாத்திரை தின்றான். குணமானது. "சுத்தமா போயிடுச்சிம்மா. இனிமே யாருக்கும் தொத்தாது, பயப்படாத" என்று நர்ஸம்மா என் முகத்துக்கு நேராகச் சொன்னார். தலையாட்டினேன். நம்பினேனா?

நான் பயந்தாங்கொள்ளி. குழந்தை இரண்டு தடவை தும்மினால் மூன்றாவது தும்மலுக்காகக் காத்திருக்கிறவள். ஆனால் பயம் பயம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனோ? பயம் எல்லோருக்கும் உண்டு. நான் செய்தது எல்லோரும் செய்வதா?

மலையிலிருந்து பலாப்பழம் கொண்டுவருவான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அவனே சுளை சுளையாக எடுத்து, கொட்டையை நீக்கி, தூக்குவாளி நிறையத் தருவான். ஜீப் தெருமுனை திரும்பியதும் அத்தனையையும் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளுவேன். வாளியை வெந்நீரில் கழுவுவேன். சாயங்காலம் போன் வரும்.

"சுளை எப்டி இருந்துச்சி பாப்பா?"

"தேனாட்டம் இருந்துச்சிண்ணா."

சீ! இந்த நாக்கும் ஒரு நாக்கா?

அந்த நாக்குதான் காதுகுத்திலும் வேலை செய்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்கு மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள். அந்த இடத்தில் பெற்ற அப்பனுக்கே உரிமை கிடையாது. பெரியவள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. காதுகுத்துப் பேச்சை எடுத்த உடனேயே அண்ணன் அவளுக்குப் பட்டுப்பாவாடை வாங்கி வைத்துவிட்டான். ஒரு மணிநேரம் அவன் மடியில் அவள்! அவன் மூச்சு அவள் உச்சந்தலையில்! எனக்குத் தூக்கம் போயிற்று.

வெற்றிலைபாக்கு வைத்து மச்சானை அழைக்க என் புருஷன் கிளம்பினார். "எங்க அண்ணனுக்கு நானே சொல்லிக்கிறேன். நீங்க பந்தல் வேலைய பாருங்க" என்று நிறுத்தினேன்.

அண்ணனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "காதுகுத்து தள்ளிப்போயிடுச்சிண்ணா. பங்காளி வூட்ல சாவு, தீட்டு." யாரும் சாகவில்லை. உயிரோடு இருப்பவர்களைச் சாகடித்துத் தேதியைத் தள்ளினேன்!

"அதுக்கின்னா பாப்பா, நிதானமா வெச்சிக்கலாம். பாவாடை எங்க ஓடிடப் போவுது" என்றான்.

ஆற்றோரத்துக் குலதெய்வக் கோயிலில் எல்லோரும் கேட்டார்கள். "மலைக்கு சவாரி வந்துடுச்சாம்... வர முடியாதாம்" என்றேன். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனின் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டாள். நானும் அழுதேன். பெண்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

"கூடப் பொறந்தவன்னு எதுக்கு இருக்கான்? தங்கச்சி பொண்ண வுட ஜீப்பு பெரிசா பூட்ச்சி அவனுக்கு" என்றார் என் மாமியார்.

நான் தலையாட்டினேன். கேளுங்கள்... தலையாட்டினேன்! அந்த ஆறுதல் எனக்கு இதமாகக்கூட இருந்தது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. யார் சொல்லித் தெரிந்ததோ, இன்றுவரை அவன் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. வண்டி ஓட்டும் காக்கிச் சட்டையோடு, தட்டில் பாவாடையும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் ஏந்திக்கொண்டு வந்தான்.

"வாய்யா தாய்மாமா! எல எடுக்கற நேரத்துக்குக் கரெக்டா வந்துட்ட" என்றார் மாமியார். பந்தியே சிரித்தது.

அண்ணன் என்னைப் பார்த்தான். ஒரே தடவை. என் முகம் எப்படி இருந்ததோ, அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தப்பு என்துதான் அத்தே. பாப்பா நேரத்தோடதான் சொல்லிச்சி. மலையில வண்டி மக்கர் பண்ணிட்ச்சி."

வாயைத் திறக்க எனக்கு நேரமா இல்லை? ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்தி உட்காரும் அளவுக்கு நேரம் இருந்தது. திறக்கவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, "மாமா" என்று கத்திக்கொண்டு யாழினி ஓடினாள். அவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மாமா மேல ஒரே டீசல் நாத்தம்டா கண்ணு. அப்புறமா வா."

நோய் போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும். அந்த இரண்டடியை அவன் நோய்க்காக நகரவில்லை. எனக்காக நகர்ந்தான்! பெற்றவள் நெஞ்சு பதறக் கூடாதே என்று நகர்ந்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்கு லேட்டு மாமா என்று பெயர். வைத்தது என் புருஷன். விடிந்ததும் விடியாததுமாகப் பொங்கலுக்கு வந்து நின்றாலும், "டேய், லேட்டு மாமா வந்துட்டாரு டோய்!" என்று யாழினி கூவுவாள். "ஆமா, லேட்டு மாமாதான்" என்று அவனும் சிரிப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று யாராவது கேட்பார்களே!

இப்போது சின்னவளுக்கு நாள் பார்த்திருக்கிறோம். அண்ணன் போன் செய்தான்.

"சின்னதுக்கு அடுத்த மாசமாமே. மாப்ள சொன்னாரு."

"ஆமாண்ணா."

ஜீப்பில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது.

"நான் நேரத்தோட வரட்டுமா பாப்பா? இல்ல லேட்டாவே வரட்டுமா? நீ எப்டி சொல்றியோ, அப்டி."

குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்! இன்னொரு தடவை பழியைத் தானே சுமக்க, என்னிடம் உத்தரவு கேட்கிறான்...

"மொத ஆளா வாண்ணா." மூன்றே வார்த்தை. தொண்டைவரை வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமினான்.

புழுதியாக இருக்கலாம். மலைக்காற்றாக இருக்கலாம். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி செருமுகிறானா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சொல்றேண்ணா" என்று வைத்துவிட்டேன்.

ஒன்பது நாளாகிறது. இன்னும் சொல்லவில்லை.