பங்களா வளைவில் கழலும் செயின்

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பஜார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இப்போதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனால் என் சித்தப்பா சைக்கிள் விட்ட அழகைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பது நான் மட்டும்தான். நானும் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது. இலங்கை மலைநாட்டில், லிந்துலைக் கடைவீதியில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அப்பா கடையில் இருப்பார். அவருடைய தம்பியான சித்தப்பா, தோட்டம் தோட்டமாகப் போய் என்ன சாமான் வேண்டும் என்று கேட்டு வருவார். இந்தியாவுக்குக் கப்பலேறிய, தோட்டத்தில் கணக்கெழுதிய ஒரு கிளாக்கர் விட்டுப்போன சைக்கிள் அவரிடம் இருந்தது. அதற்கு பிரேக் இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

அந்த ஐப்பசியில் அம்மா பூண்டுலோயாவில் தாத்தா வீட்டில் இருந்தார். தம்பி பிறந்து முப்பதாம் நாள் காப்புப் போடும் சடங்கு. அப்பா வீட்டிலிருந்து வெள்ளிக் காப்பு வரவேண்டும். உச்சிப் பொழுதுக்கு முன் பிள்ளையின் கையில் ஏறவேண்டும். நான் பிறந்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள் பிந்திப் போனார்களாம். கடைசியில் தாத்தாவே ஒரு காப்பு வாங்கிப் போட்டிருக்கிறார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லித்தான் காபி கொடுப்பார்கள். மறுபடியும் பிந்தினால் அம்மா அங்கே யார் முகத்திலும் விழிக்க முடியாது. இது எங்கள் வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும்.

சடங்கு நாளன்று, புறப்பட வேண்டிய காலையில் செய்தி வந்தது. மூன்று நாள் மழையில் பூண்டுலோயா ரோட்டில் மண் சரிந்துவிட்டது, பஸ் ஓடாது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தோட்டத்துக் கிரவல் ரோட்டாலயே போயிருவேன்ணே. மலைக்கு மலை ரோடு இருக்கு. நடுவுல வாய்க்கா வரப்பும் இருக்கு."

"போடா! அது ஓட்ட வண்டி."

"பொம்பளப்புள்ள ஒன்னு போய்க் காப்புப் போட்டாத்தான் நம்ம பக்கத்துக்கு மரியாத. அக்காகாரி போடட்டும். இவளையும் தூக்கி வச்சுக்க" என்றார் எங்களோடு இருந்த பெரியம்மா.

"கிரவல்ல உருண்டீன்னா?" என்றார் அப்பா.

"உருண்டா நான் கீழ, புள்ள மேல. போதுமாண்ணே?"

சைக்கிளின் பாரில் ஒரு சாக்கை மடித்துக் கட்டி என்னை உட்கார வைத்தார்கள். காப்பைத் துணியில் சுற்றி என் பாவாடை நாடாவில் முடிந்தார் பெரியம்மா. "அம்மாகிட்ட போறவரைக்கும் இதுல இருந்து கைய எடுத்த, தோல உரிச்சிருவேன்" என்று வழியனுப்பினார்.

அந்தப் பயணத்தைப்போல ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. தேயிலைக்கு நடுவே சிவப்பாக ஓடும் ரோடு, மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். சித்தப்பா கிரவலின் நிறத்தைப் பார்த்தே வண்டியை விடுவார். சிவப்பு வழுக்கும், வெள்ளைக்கல் பிடிக்கும் என்பார். டயரின் கீழ் கல் நொறுங்கும் சத்தம் மாறினால் உடனே காலை ஊன்றுவார். கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையோடு நிமிர்ந்து, "ஏய், பாப்பா பறக்குதுடி!" என்று கத்துவார்கள். எனக்கு வெட்கம் தாங்காது. ஆனாலும் அடுத்த மலையில் யாராவது கத்தமாட்டார்களா என்று இருக்கும்.

ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, இயந்திரம் சுற்றத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் ஒன்று மலையிடுப்பில் போகிறது. அதன் வரப்பு பலகை அகலம்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம். சித்தப்பா அதில் நூல் பிடித்த மாதிரி விட்டார். தண்ணீரும் நாங்களும் ஒரே வேகத்தில் போனதால், தண்ணீர் நிற்பதுபோலவும் மலைதான் பின்னால் போவதுபோலவும் இருந்தது. வாய்க்கால் போய் விழும் குளத்தில் ஒரு முழு மலையும் தலைகீழாகக் கிடந்தது. சித்தப்பா அங்கே மட்டும் நிறுத்தி, "பாத்துக்க பாப்பா. இதத் தொரைமாருக்கு மட்டும்னு யாரும் எழுதி வைக்கல" என்றார்.

இத்தனை நல்ல சைக்கிளுக்கு ஒரே ஒரு நோய் இருந்தது. தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருக்கும் வளைவு வந்தால் செயின் கழன்றுவிடும். "செயின் கழண்டுருச்சு பாப்பா" என்று சித்தப்பா இறங்குவார், என்னையும் இறக்குவார், குனிந்து செயினைத் தொடுவார். பிறகும் ஏறமாட்டார். பங்களா வேலி முடியும்வரை உருட்டிக்கொண்டே நடப்பார். அடுத்த தோட்டத்துப் பங்களாவிலும் அப்படியே. அங்கே ஒரு சின்னத்துரை குதிரையில் எதிரே வந்தார். பாதையில் நின்ற ஆட்களெல்லாம் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஓரம் கட்டினார்கள். சித்தப்பா மட்டும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, செயினுக்கு முன்னால் குந்தியிருந்தார். துரை ஏதோ கேட்டார். சித்தப்பா திரும்பாமல் எண்ணெய்க் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். குதிரை போனதும் செயின் சரியாகிவிட்டது.

மூன்றாவது தோட்டத்தில் பெரிய இறக்கம். சித்தப்பா ஒரு சவுக்குக் கிளையை முறித்து, கயிறு போட்டு சைக்கிளின் பின்னால் கட்டினார். பிரேக்குக்குப் பதில் அது தரையில் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும். பாதி இறக்கத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தோம். பகல் நிறுவைக்குக் கூடிவிட்டார்கள். உச்சிக்கு அதிக நேரமில்லை என்று அர்த்தம்.

வளைவு திரும்பினால் பங்களா. மற்றவற்றைப்போல இல்லாமல் இதன் வேலி ரோட்டோடு நீண்டு போனது. உருட்டி நடந்தால் எவ்வளவு நேரமாகுமோ தெரியாது. கேட்டருகே பெரிய துரையே நின்றிருந்தார், வாயில் பைப், காலடியில் நாய்.

சித்தப்பா ஒரு காலை ஊன்றி நின்றார். அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் பட்டது.

"பாப்பா, காப்பு இருக்கா?"

"இருக்கு சித்தப்பா."

"இறுக்கிப் புடிச்சுக்க."

ஏறி மிதித்தார். பின்னால் கிளை கல்லில் உராய்ந்து சரசரவென்று ஊரைக் கூட்டியது. நாய் எங்களை விட்டுவிட்டுக் கிளையைத் துரத்தியது. துரை வாயிலிருந்த பைப்பைக் கையில் எடுத்தார். தட்டோடு வந்த சமையல்காரர் படியிலேயே நின்றுவிட்டார். சித்தப்பா நேராகப் பார்த்துக்கொண்டு, வாய்க்கால் வரப்பில் விட்டதைப்போலவே அவசரமில்லாமல் விட்டார்.

"செயின் கழலலயே சித்தப்பா!"

"இன்னைக்கு இனிமே கழலாது பாப்பா."

நாங்கள் தாத்தா வீட்டு வாசலில் இறங்கியபோது ஐயர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். தாத்தா புதுக் காப்பு ஒன்றைத் தயாராகக் கையில் வைத்திருந்தார். சித்தப்பா என்னை முன்னால் தள்ளினார். நாடா முடிச்சை அவிழ்க்க அம்மாவே உதவினார். தம்பியின் கை அவ்வளவு சிறிதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. காப்பு ஏறியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். தாத்தா கையிலிருந்ததை மெல்ல மடிக்குள் வைத்துக்கொண்டார்.

பந்தியில், "எப்புடிப்பா இவ்வளவு சுருக்கா வந்தீங்க?" என்று யாரோ கேட்டார்கள். சித்தப்பாவின் வாயில் சோறு இருந்தது. நான் பேசினேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தின் முன் நான் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"சைக்கிள் நல்ல சைக்கிளு. ஆனா பங்களா வந்தா செயின் கழண்டுரும். இந்தத் தோட்டத்துப் பங்களாவுல மட்டும் கழலல. தொர நின்னாரு, நாங்க ஏறியே வந்துட்டோம்."

பந்தியில் இருந்தவர்கள் சோற்றில் வைத்த கையோடு தாத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். தாத்தாவுக்கும் அந்த ஊரில் ஒரு கடை உண்டு; அதற்கு வாடிக்கை முழுவதும் அந்தத் தோட்டத்து ஆட்கள்தான். தாத்தா அந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம், மழை கொட்டினாலும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சைக்கிளில் வருகிறவன் அங்கே இறங்கித்தான் ஆகவேண்டும் என்பதும், அந்தச் செயின் ஒரு நாளும் கழன்றதில்லை என்பதும் நான் பெரியவளான பிறகுதான் புரிந்தன.

தாத்தா பந்தியில் பரிமாறுகிறவர் இல்லை. அன்று எழுந்து, வடைத்தட்டை ஆளிடமிருந்து வாங்கிக்கொண்டு சித்தப்பாவின் இலைக்கு வந்தார். ஒன்று வைத்தார். சித்தப்பா போதும் என்று கையை மறித்தார். தாத்தா அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொன்றும் வைத்தார். ஒரு வடைக்காகப் பெரியவர்கள் இருவருக்கும் ஏன் கண் கலங்கவேண்டும் என்று நான் முந்தானைக்குள்ளிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் தோட்டத்துக் காவலுக்கு இருந்த வாச்சர் வந்து, அந்தச் சைக்கிள் இனிமேல் அந்த ரோட்டில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பகலில் மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்தார்கள். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம்.