கருவிக்குத் தெரிந்த கடல்

எண்ணூரில், கடலுக்குள் நீளும் கல்சுவரான ஒரு தூண்டில் வளைவின் முனையில் அந்தக் கருவி நிற்கிறது. அகச்சிவப்பு ஒளியைக் காற்றில் விட்டு, கடலில் எவ்வளவு தூரம் தெரியும் என்று பலகையில் காட்டும். அதன் கண்ணாடியில் படியும் உப்பையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் துடைப்பது என் வேலை.

புகைமூட்டமான காலைகளில் ஒரு மீனவர் வருவார். வெளுத்த லுங்கி, சிவந்த கண்கள். கடல் பக்கம் திரும்பவே மாட்டார். கருவியையே பார்த்துக்கொண்டு நிற்பார். பலகை காட்டிய தூரத்தை நம்பி இப்படியொரு காலையில் படகெடுத்துப் போன அவர் மகன் திரும்பவில்லை.

"இன்னா காட்டுது நைனா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நாலு கிலோமீட்டர்."

"எனுக்கு அந்தாண்ட கீற கல்லே தெர்ல."

"இந்தப் புகையில நம்ம கண்ணுக்குத் தெரியாததும் அதுக்குத் தெரியும்ணே," என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் அருகில் வந்து கருவியின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எம்புள்ள எங்க கீறான்னு கேட்டு சொல்லேன்."

துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தேன். அவர் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.