பனிச்சறுக்கு மலையில் வெறுங்காலோடு ஒரு நாள்

போன ஆடி மாதம் நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். இங்கே ஆடிக்காற்று அடிக்கும் நேரம் அங்கே கடுங்குளிர் காலம். மெல்போர்னுக்கு வடகிழக்கே உள்ள பனிமலைகளில் ஒன்றுக்கு மகன் செல்வம் கூட்டிப் போனான். நம் திண்டுக்கல் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் இப்போது நிறைய. அவர்களுக்கு உதவும் என்றுதான் பனி எப்படி, சரிவு எப்படி, எதற்கு எவ்வளவு ஆனது என்று எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் என் காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டரை வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்காரர் வெங்காயக் காட்டு வரப்பில் வழுக்கி விழுந்து, வலது முட்டியில் ஆபரேஷன் ஆனது. கால் சரியாகி அவர் பழனிக்கு நடந்து வருகிற வரைக்கும் செருப்புப் போடமாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். ஒரே வருடத்தில் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இவர்தான் ஒரு தைப்பூசத்துக்கு வெங்காய அறுவடை என்றார், அடுத்ததுக்கு முட்டி இன்னும் இழுக்கிறது என்றார். வலி அவருடையது, அதை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? அதனால் திருச்சியில் வெறுங்காலோடுதான் விமானம் ஏறினேன். காலுறை துணிதானே, அதற்குத் தடையில்லை என்று எங்கள் ஊர்க் கோயில் பூசாரி சொல்லியிருந்தார்.

மெல்போர்னிலிருந்து காரில் நாலரை மணி நேரம் போய் அடிவார ஊரில் தங்கினோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு மலைக்குப் பேருந்து. முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், போக வர ஆளுக்கு முப்பது டாலர். சொந்தக் காரில் ஏறினால் பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி வைத்திருக்க வேண்டுமாம், அதனால் காரை அங்கேயே விட்டுவிட்டோம். சிறுமலை வளைவுகள் பழகியவர்களுக்கு இந்த ரோடு ஒன்றுமில்லை. பாதி தூரம் பச்சைதான். பிறகு ரோட்டோரத்தில் அழுக்குப் பனி. அதற்கும் மேலே, கொடைக்கானலில் இருக்கிற தைலமரங்களின் சாதியே முழங்கால் அளவு பனியில் நிற்கிறது. முருகா என்று அங்கேயே கும்பிட்டுக்கொண்டேன்.

பேருந்து ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தார். இறங்கும்போது என் காலைப் பார்த்துவிட்டார். "அம்மா, வெளியில மைனஸ் மூண்டு. சப்பாத்து இல்லாமல் இறங்கேலாது." நேர்ச்சை விஷயத்தைச் சொன்னேன். சற்று யோசித்தார். "நேர்த்தி எண்டா நான் ஒண்டும் கதைக்கேல்ல. ஆனா விரலும் வேணுமெல்லோ" என்று சொல்லி, பேருந்தைச் சாப்பாட்டுக் கட்டிடத்தின் வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

செல்வத்துக்குத்தான் கோபம். "அம்மா, முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா. பூட்ஸப் போடு."

"அவரு எங்கடா சொன்னாரு? நான்தான சொன்னேன்" என்றேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டு, மேலே கேரி பேக் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டினேன். கேரி பேக் செருப்புக் கணக்கில் வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாற்பது அடி தூரந்தான், வழுக்கியதில் இரண்டு முறை மகன் தோளில் தொங்கினேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் மகன் இரண்டு மணி நேரச் சறுக்குப் பயிற்சிக்குப் பதிந்திருந்தான். சட்டை, பூட்ஸ், சறுக்குக் கட்டை வாடகையோடு சேர்த்து 210 டாலர். சும்மா நின்று பார்ப்பேன் என்று சொல்லி வந்தவர், கேட்டதும் மறுபேச்சில்லாமல் பூட்ஸை மாட்டினார். விழுந்து முட்டி திரும்பவும் போய்விட்டால், ஆபரேஷனும் முதலில் இருந்து, என் நேர்ச்சையும் முதலில் இருந்து. கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஒன்பதரை முதல் மூன்று மணிவரை ஒரே இடத்தில் இருந்து பார்த்ததால் பனியைப் பற்றி நன்றாகவே சொல்ல முடியும்.

ஒன்பதரைக்குப் பனி கல் மாதிரி இருக்கிறது. ராத்திரிக் குளிரில் இறுகி, கட்டை உரசும்போது தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் விழுவது அப்போதுதான். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை நல்ல பதம், ரவை மாதிரி உதிரியாக இருக்கும். இரண்டரைக்கு மேல் வெயில் பட்ட இடம் இளகிக் குழைந்து கட்டையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இன்னொன்று, அந்த ஊரில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. அதனால் தெற்குப் பார்த்த சரிவுகளில்தான் பனி கரையாமல் நிற்கிறது. வடக்குச் சரிவில் மத்தியானமே புல்லும் பாறையும் தெரிந்தன.

சரிவுக்குப் பச்சை, நீலம், கறுப்பு என்று பலகை வைத்திருக்கிறார்கள். பச்சை நம் வீட்டு வாசலில் வண்டி ஏற்றுகிற சாய்வு அளவுதான். மேலே போக நகரும் பாய் இருக்கிறது, அதில் நின்றால் போதும். நீலத்துக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போகிற நாற்காலி இழுவை. கறுப்புச் சரிவு உச்சியில் இருந்து மரங்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்குகிறது. அன்று காற்று அதிகம் என்று பன்னிரண்டு மணிக்கு உச்சி இழுவையை நிறுத்திவிட்டார்கள். முழு நாள் டிக்கெட் எடுப்பவர்கள் முதலிலேயே காற்று நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னால் கட்டைகளைக் கூட்டி, பின்னால் விரித்து, முட்டியை மடக்கினால் வேகம் குறையும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இவர் ஏழு தடவை விழுந்தார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்றேன். பிறகு விழவில்லை. மடக்கினார், நிமிர்ந்தார், வளைந்தார், கீழே வந்து பாயில் ஏறி மறுபடி மேலே போனார். பயிற்சி முடிந்தும் வரவில்லை. எட்டாவது தடவை இறங்கும்போது என் பயம் போய்விட்டது. அந்த வலது முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்குக் கன்னமெல்லாம் சிவந்து உள்ளே வந்தார். ரொம்ப லேசுதான், நம்ம ஏர் ஓட்டுற மாதிரி என்று மகனிடம் விளக்கிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். கட்டிக்கொண்டு போன புளியோதரையை எடுத்து வைத்தேன்.

"முட்டி எப்புடிங்க இருக்கு?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

வாய்க்குப் போன கை நின்றது. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். கேரி பேக்கில் தண்ணீர் புகுந்து காலுறை ஈரமாக இருந்தது. மகன் எதையோ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

"பழனிக்கு எம்புட்டுத் தூரம் வரும்?" என்றார், தெரியாதவர் மாதிரி.

"நம்ம வீட்டுலருந்து அறுவது கிலோமீட்டரு."

"மூணு நாளு வச்சுக்கிருவமா?"

"வச்சுக்கிருவம்" என்றேன்.

தைப்பூசம்வரை தள்ளவில்லை. ஊர் திரும்பிய பத்தாம் நாள், ஆவணியில் நடந்தோம். அந்த மாதத்தில் பாதயாத்திரைக் கூட்டமே கிடையாது, வழியில் அன்னதானப் பந்தலும் கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும். ரெட்டியார்சத்திரத்தில் ஒரு ராத்திரி, ஒட்டன்சத்திரத்தில் ஒரு ராத்திரி. மூன்றாம் நாள் சாயங்காலம் படியேறிச் சாமி பார்த்தோம். அவர் முட்டி இழுக்கவில்லை. இழுத்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

பனிமலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜூலை கடைசியும் ஆகஸ்டும் நல்ல நேரம். பயிற்சியைப் பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி வேண்டும், பனியில் பட்ட வெளிச்சம் கண்ணை அறுக்கிறது. சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நேர்ச்சை இருக்கிறவர்கள் கேரி பேக்கை நம்பாதீர்கள், எனக்கு இரண்டு நாள் விரல் மரத்துப்போயிருந்தது.

பூட்ஸ் அளவும் ஒரு விஷயம். பழனி அடிவாரத்தில் செருப்பு வாங்க உட்கார்ந்தபோது ஏழாம் நம்பர் கேட்டேன். முன்னால் எப்போதும் ஏழுதான். பாதி கால் கூட நுழையவில்லை. கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு எட்டு எடுத்துக் கொடுத்தார். இரண்டரை வருடத்தில் பாதம் விரிந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று அந்த ஏழாம் நம்பர் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆகவே வாடகைக்குப் பூட்ஸ் எடுக்கும்போது பழைய நம்பரைச் சொல்லாமல், காலை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.