டிகோரியின் கேட்டில் தலைகீழாக நின்ற சிலுவை

காலை ஏழு மணிக்கு மாட்டுப்பண்ணைக்கார டிகோரி ஹாக்கன் என் கதவைத் தட்டினான். பால் கறப்பதைப் பாதியில் விட்டு அவன் எங்கும் போனதில்லை.

"லவ்டே போயிட்டா," என்றான். "தூக்கத்துலயே."

லவ்டே நான்கிவெல் என் பக்கத்து வீட்டுக்காரி. இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்கள் கிராமத்துத் தேவாலயத்தில் மணி அடிப்பவள், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுபவளும் அவளே. அங்கே பழங்காலத்துக் கற்சிலுவைகள் மூன்று உண்டு. கடற்காற்றும் மழையும் தின்று, செதுக்கல் அழிந்து மொழுக்கையாகிவிட்டன. நாலாவதற்குப் பீடம் மட்டும்தான் மிச்சம். டிகோரியின் கேட்டைத் தாங்கும் கல்தூண்தான் காணாமல்போன அந்தச் சிலுவை, தலையை மண்ணுக்குள் விட்டு நட்டிருக்கிறார்கள் என்று லவ்டே சாதித்தாள். அதைத் திரும்ப நிறுத்தாமல் சாகமாட்டேன் என்பாள். ஊர் சிரிக்கும்.

இந்த வசந்தத்தில் அவனிடமே போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"அதைப் பிடுங்கிட்டா கேட்டை என் மூக்குலயா மாட்டுறது?"

"உன் மூக்கு தாங்கும்டா. வேணாம்னா என் வாசல் தூணை எடுத்துக்க."

"அடியில வெறுங்கல்லா இருந்தா?"

"தூண் உனக்கு. அப்புறம் சிலுவைன்னு நான் வாயே திறக்க மாட்டேன்."

"அதுக்காகவே தோண்டலாம்டி!"

அவள் வாசல் தூணைக் கொண்டுபோய் முதலில் நட்டார்கள். பிறகு டிராக்டரில் சங்கிலி கட்டிப் பழைய தூணை இழுத்தார்கள். பாதி ஊர் வேலியோரம் நின்றது. தூணின் அடிமுனையில் மேலே வந்தது வெறும் களிமண் உருண்டை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லவ்டே மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு அதன்மேல் வீசினாள்.

வட்டத்துக்குள் சிலுவையின் நாலு கைகள். கயிறு முறுக்கியதுபோல் செதுக்கிய பின்னல். மழையே படாததால் உளித்தடம் நேற்று விழுந்ததுபோல் இருந்தது. அந்த மூன்றுக்கும் இல்லாத முகம் இதற்கு இருந்தது.

டிகோரி தொப்பியைக் கழற்றினான். "பாத்தியா, எங்க தாத்தா எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தாரு!"

"மாடு முதுகு சொறியறதுக்காடா?"

ஊரே சிரித்தது. இந்த முறை அவளோடு சேர்ந்து.

திருவிழா ஞாயிறன்று சிலுவை பீடத்தில் ஏறியது. பீடத்துக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று அவள் மணிக்கயிற்றை இழுத்த இழுப்பில் கோபுரத்துக் காக்கைகள் பொழுது சாயும்வரை திரும்பவில்லை. பாதிரியார் போதும் என்று கை காட்டினார். அவள் பார்க்காததுபோல் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

தூண் போன அவளுடைய சொந்தக் கேட், இன்றும் வைக்கோல் கட்டும் கயிற்றால் பேரிக்காய் மரத்தோடு கட்டிக் கிடக்கிறது. மரத்தூண் நட்டுத் தருகிறேன் என்று அவளிடம் சொன்ன டிகோரி, இதுவரை குழி மட்டும் தோண்டி வைத்திருக்கிறான்.