அக்கா இறக்காமல் திருப்பிய லோடு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பள்ளி ஆசிரியை என்பது ஒரு காரணம். அக்காவின் உழைப்பில் படித்துத்தான் நான் ஆசிரியை ஆனேன் என்பது இன்னொன்று.

அக்கா பிறந்து வளர்ந்தது அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில். அப்பா சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். முதுகில் அடிபட்டு அவர் படுத்தபோது அக்கா பியூசி, அதாவது பிளஸ் டூ, முடித்திருந்தார். கல்லூரியில் சேர வாங்கிய விண்ணப்பத்தை நிரப்பாமலே வைத்துவிட்டு, பீன்யா தொழிற்பேட்டையில் பக்கெட்டும் மக்கும் செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அங்கே கற்றதுதான் பின்னர் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. உடைந்த டப்பாவைத் தரையில் தட்டி, சத்தத்தை வைத்தே அது எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பார்.

அந்தக் கம்பெனியை மூடியதும் அக்கா ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு அல்சூர் பக்கம் வீடு வீடாகப் போனார். விரிசல் விட்ட பக்கெட், கால் ஒடிந்த நாற்காலி, ஷாம்பு பாட்டில், பினாயில் கேன் என்று எதையும் விலைக்கு வாங்கினார். சில வருடங்களில் ஒரு ஷெட் பிடித்து, எங்கள் ஊரில் குஜிரி என்று சொல்லும் பழைய சாமான் கடையைப் போட்டார். ஆறு பெண்கள் உடன் வேலை செய்தார்கள். கழுவி, காயவைத்து, வகை பிரித்து, மூட்டை கட்டிப் பீன்யாவுக்கு அனுப்புவார்கள். அங்கே அதை அரைத்து உருக்கிப் புதுச் சாமான் செய்வார்கள்.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "உங்க அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது, "பிசினஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவர்கள் போன பிறகு அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ, "பிசினஸ்தானேடி! பொய்யா சொன்ன?" என்று சிரித்தார்.

அக்காவின் சரக்கைப் பெரும்பாலும் ஒரே கம்பெனிதான் வாங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் லோடு இறக்க அவரே டெம்போவில் கூடப் போனார். மெஷினிலிருந்து பக்கெட்டுக்குப் பதிலாகக் குழந்தைகளின் டிபன் பாக்ஸ்கள் விழுந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பிரித்துக் கிடந்ததோ அக்கா முந்தின வாரம் அனுப்பிய மூட்டை.

"சார், இது பினாயில் கேன், பூச்சி மருந்து டப்பா எல்லாம் சேர்ந்த மால். பக்கெட்டுக்குன்னுதான குடுத்தேன்? இதுல புள்ளைங்க சோறு துன்னுமே!"

"கழுவித்தானம்மா அரைக்கிறோம்? உன் மால் போனா சரி, உனக்கென்ன?" என்றார் முதலாளி.

"எனக்குச் சரியில்ல சார்."

மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்த டிரைவர், "ஏனாய்த்து அக்கா?" என்று கன்னடத்தில் என்ன ஆயிற்று என விசாரித்தார். "எறக்காத. வண்டியத் திருப்பு" என்றார் அக்கா.

லோடு அப்படியே கடைக்குத் திரும்பியது. அந்த முதலாளிக்கு வேண்டியவர்களும் அக்காவிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். ஷெட்டில் கூரைவரை மூட்டைகள் ஏறின. அக்கா ஆறு பேரையும் உட்காரவைத்து, "என்னால உங்க வயித்துல அடி உழுது. வேற எடம் கெடச்சா போங்க, கோச்சிக்க மாட்டேன்" என்றார்.

அவர்களில் மூத்தவரான மேரியம்மா, "எம் பேத்தியும் டப்பாலதான் சோறு எடுத்துனு போறா. நாங்க எங்க போறது? நீ போய் வேற கம்பெனி பாரு" என்றார்.

அன்று மாலை அக்கா அந்தக் கம்பெனியின் டிபன் பாக்ஸ் ஒன்றை என் முன்னால் வைத்து அதிகாரிகளுக்கு மனு எழுதச் சொன்னார். தொழில் என்ற இடத்தில், "பழைய பிளாஸ்டிக் வாங்கி, தரம் பிரித்து விற்பவர்" என்று முழுசாக எழுதினேன். அக்கா அதை வாசித்தார். கையெழுத்துப் போட்டார். பலமுறை அலைந்த பிறகு விசாரிக்க ஆள் வந்தார்கள். அந்த டிபன் பாக்ஸ் செய்வது நின்றது.

அக்கா பீன்யாவில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். பூந்தொட்டி செய்யும் ஒருவர் கடைக்கே வந்து, கைக்கு வந்த மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னார். பூச்சி மருந்து டப்பாக்களை இப்போது தனியே கட்டி, உள்ளே இருப்பது என்னவென்று மேலே பெயின்டால் எழுதியிருந்தார்கள். ஒரு துண்டு கூட மாறியிருக்கவில்லை. அதன்பின் அவர் அக்காவின் மூட்டையைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

தமக்கென்று ஒரு குடும்பத்தை அக்கா அமைத்துக்கொள்ளவில்லை. சிறுநீரகம் கெட்டுப் படுத்த கடைசி மாதங்களில் அந்த ஆறு பேரும் முறைவைத்து ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்களுக்கும், கனிவோடு கவனித்த நர்சுகளுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

இறுதி ஊர்வலம் அல்சூர் வீதிகளில் போனபோது பல வீடுகளிலிருந்து பெண்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்று கும்பிட்டார்கள். தாய்மார்களே, உங்கள் பெயர்கள் எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் இந்த மலரில் பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறோம். கடை திறந்துதான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கை